ஜின்னா, நரம்பா என்னும் வீண் வழக்கு

ஈமான் வலுவுடையவனை மனநோய் அண்டாது என்னும் பேச்சு நம் மேடைகளில் ஓயாமல் ஒலிக்கிறது. தொழுகையைப் பேணுகின்றவனுக்கு மனச்சோர்வு ஏது, திக்ரில் திளைப்பவனுக்கு உறக்கமின்மை ஏது என்று பேச்சாளர் வினவுகிறார், கூட்டம் தலையசைக்கிறது. மேடையை விட்டு இறங்கிய அந்த அன்பர், தம் சொல் எந்த வீட்டினுள் நுழைந்து, எந்தப் பாயில் சுருண்டு கிடப்பவனின் நெஞ்சில் தைத்தது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. நோயால் நொந்தவனுக்கு, நீ பாவியும்கூட என்னும் தீர்ப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். இத்தீர்ப்பை வழங்க அவருக்கு அதிகாரம் அளித்தவர் யார் என்று நாம் கேட்கிறோம்.

மகனைப் பிரிந்த துயரால் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று திருமறை கூறுகிறதே, அவர்களுக்கு ஈமான் குறைந்திருந்ததா? அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்த ஆண்டைத் துயர ஆண்டு என்றே நம் வரலாற்றாசிரியர்கள் பெயரிட்டு அழைத்தார்கள். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாவல் தேடி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இறைஞ்சிய துஆவை மக்தபுப் பிள்ளைகளும் மனனம் செய்திருக்கிறார்கள். நல்லவரை அண்டவே அண்டாத ஒன்றிலிருந்தா பாதுகாவல் தேடுவார்கள்? வீட்டில் மௌத்து நேர்ந்தால், துயருற்றோர்க்கு வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கச் செய்வார்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள். நோயாளியின் நெஞ்சுக்கு அது இதமளிக்கும் என்று நபிகளாரிடம் கேட்டிருந்ததே அதற்குக் காரணம் என்பது புகாரியில் பதிவாகியுள்ளது. துயரத்துக்குக் கஞ்சி! நெஞ்சு கனத்தவனுக்கு உபதேசத்தைத் தொடங்குமுன் அவன் உண்டானா என்று பார்த்த மார்க்கம் இது.

இவ்வளவும் ஒரு தரப்பாருக்கு. மறு தரப்பாரும் தப்பிவிட வேண்டியதில்லை. படித்தவர் என்று பெயரெடுத்த சிலர், தாயத்தையும் ஓதிய நீரையும் கண்டவுடன் நகைக்கிறார்கள். "இன்னுமா இதையெல்லாம் நம்புகிறீர்கள்?" என்று கேட்ட மாத்திரத்தில் தம் கடமை முடிந்தது என்று கருதுகிறார்கள். மருத்துவமனை வாயிலில் இந்த நகைப்பைக் கேட்ட தாய், அடுத்த மாதம் அவ்வாயிலை மிதிப்பதில்லை. மேடைப் பேச்சாளரும் நகைக்கும் அறிவாளியும் ஒருவரையொருவர் பகைவராகக் கருதிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இருவரும் செய்வது ஒரே காரியம்: நோயாளியை மருந்திலிருந்து விரட்டுகிறார்கள்.

நாச்சியாபுரத்திலும் அதனைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களிலும் ஓதிப் பார்க்கும் வழக்கம் புதிதன்று. முஸ்லிம்களோடு நிற்பதும் அன்று. மஃரிபு தொழுகை முடிந்து வெளிவரும் நேரத்தில், பிள்ளையை இடுப்பில் ஏந்திய பெண்கள் சமய வேறுபாடின்றிப் பள்ளி வாசலில் வரிசையில் நிற்பதைத் தமிழ்நாடு முழுவதும் காணலாம். முப்பது ஆண்டுகளாக ஓதிக் கொடுத்து வரும் எமக்கு, வரிசையில் நிற்போர் கொண்டு வருவது தண்ணீர் பாட்டிலை மட்டுமன்று, நோயைப் பற்றிய ஒரு முழுக் கதையையும்தான் என்பது தெரியும். எங்கே பயந்தான், எந்த வேளையில் எந்தப் புளியமரத்தடியைக் கடந்தான், யார் வீட்டில் எதைத் தின்றான், எந்த உறவினர் கண் பட்டது என்று அக்கதை விரியும். அதைக் கேட்காமல் ஊதி அனுப்பினால் அவர்கள் மனம் ஆறுவதில்லை. மருத்துவரிடமோ அக்கதைக்கு இடமே இல்லை. நான்கு நிமிடத்தில் சீட்டெழுதி முடிந்துவிடுகிறது. ஹஜ்ரத்துகளிடம் கூட்டம் ஏன் குறையவில்லை என்று வியப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

பிள்ளை பெற்று இரண்டு வாரம்கூட ஆகாத பெண்ணொருத்தி, இரவெல்லாம் விழித்திருக்கிறாள், தொடர்பின்றிப் பேசுகிறாள், இது என் பிள்ளையன்று, மாற்றி வைத்துவிட்டார்கள் என்று அலறுகிறாள். பச்சை உடம்புக்காரிமேல் ஏதோ பட்டுவிட்டது என்று பெரியவர்கள் முடிவு கட்டுகிறார்கள். வீட்டைச் சுற்றி ஓதிய நீர் தெளிக்கப்படுகிறது. நாற்பது கழியட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் இந்நிலை வரும் என்பதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும். அவசரமாக மருத்துவமனையில் சேர்த்தால் மிகப் பெரும்பாலோர் முற்றாகத் தேறிவிடுகிறார்கள். சேர்க்காவிட்டாலோ, தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்தே நேரக்கூடும். நாற்பது நாள் காத்திருக்கச் சொன்ன வீட்டார் கொடியவர்கள் அல்லர். தம் நம்பிக்கை காட்டிய வழியில் அன்போடுதான் நடந்தார்கள். ஆயினும் அந்த நாற்பது நாள் யாருடையது? அவர்களுடையதா, அந்தப் பெண்ணுடையதா?

காத்திருப்பின் விலையை அறிய விரும்புவோர் நம் பக்கத்து மாவட்டத்தையே பார்க்கலாம். கீழக்கரையைத் தாண்டி ஏர்வாடியில் அடங்கியுள்ள சுல்தான் சையிது இப்ராஹீம் ஷஹீது பாதுஷா (ரஹ்) அவர்களின் தர்காவை நாடி, மனம் பேதலித்தவர்களைப் பல சமயத்தாரும் பல மாநிலத்தாரும் அழைத்து வருவர். தர்காவின் நீரும் விளக்கின் எண்ணெயும் மருந்து. கனவில் உத்தரவு கிடைக்கும்வரை அங்கேயே தங்குதல் முறை. தங்குவோரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று தனியார் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலை, அத்தகைய கீற்றுக் கொட்டகையொன்று தீப்பற்றியது. உள்ளே கிடந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள், ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அந்தோ, அவர்கள் செய்த பிழைதான் என்ன?

பழியைத் தர்காவின் தலையில் கட்டுவது எம் நோக்கமன்று. சங்கிலியைப் பூட்டியது அங்கே அடங்கியிருக்கும் பெரியாரல்லர்; கட்டணம் வாங்கிய மனிதர்கள். கட்டணத்தைக் கொடுத்தவர்கள் யார்? பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும். மருத்துவமனைக்கு அலைந்து அலுத்தவர்கள். மாத்திரையால் கை நடுங்குவதையும் வாய் ஒழுகுவதையும் கண்டு அஞ்சியவர்கள். வீட்டில் இன்னொரு பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டியவர்கள். தெருவார் நாவுக்குப் பயந்தவர்கள். இறைவன் பொறுப்பில் விட்டுவிட்டோம் என்றார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை அறிந்தவர்கள், மனிதனைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைத்தார்கள். அத்தீக்குப் பின்னரே காப்பகங்கள் மூடப்பட்டன; உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது; 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவிலும் மனநோயாளியைச் சங்கிலியிடலாகாது என்று 95ஆம் பிரிவில் எழுதிற்று. கலிமாச் சொன்ன நமக்கு இதை ஒரு சட்டம் வந்து சொல்ல வேண்டியதாயிற்று!

இந்த இடத்தில் நம்மவர் சிலர், பக்தாதிலும் கெய்ரோவிலும் நாம் கட்டிய மாரிஸ்தான்களைப் பற்றி முழங்கத் தொடங்குவர். உண்மைதான். 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளருக்குத் தனிப் பகுதி இருந்தது. 1354இல் ஹலபு நகரில் கட்டப்பட்டதன் முற்றங்களும் நீரூற்றுகளும் இன்றளவும் பேசப்படுகின்றன. ஆனால் 1184இல் திமிஷ்கைக் கண்ட பயணி இப்னு ஜுபைர், அங்கே மனநோயாளர் சங்கிலியில் கிடந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். பெருமை பேசும்போது அப்பக்கத்தைப் புரட்டாமல் தாண்டுவது நேர்மையன்று. எனினும் அங்கே சங்கிலியோடு சிகிச்சையும் இருந்தது என்று அதே பயணி சொல்கிறார். ஏர்வாடிக் கொட்டகையில் எஞ்சியது சங்கிலி ஒன்றே.

இனி நம் வழக்குக்கு வருவோம். நோய்க்குக் காரணம் ஜின்னா, நரம்பா? இதைத் தீர்த்துவிட்டுத்தான் மருத்துவத்தைத் தொடங்க வேண்டும் என்று இரு தரப்பாரும் வாதிடுகிறார்கள். அரபு மொழியில் ஜின் என்னும் சொல்லும், மஜ்னூன் என்னும் சொல்லும், கருவிலிருக்கும் சிசுவைக் குறிக்கும் ஜனீன் என்னும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. மறைந்திருத்தல் என்பது அவ்வேரின் பொருள். மஜ்னூன் என்றால் அறிவு மறைக்கப்பட்டவன் என்றே கொள்ளலாம். மறைத்தது எது என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை.

மொழிநூல் போதாது என்பவர்க்கு மருத்துவ நூல் உண்டு. கானூன் என்னும் பெருநூலை யாத்த இப்னு சீனா (980–1037), மாலீகூலியா எனப்படும் கருமனச்சோர்வைப் பற்றி எழுதுமிடத்தில், இது ஜின்னால் வருவது என்று மருத்துவர் சிலர் கருதுவதைக் குறிப்பிடுகிறார். மறுக்கிறாரா? இல்லை. ஏற்கிறாரா? அதுவும் இல்லை. மருத்துவம் கற்கும் நமக்கு அது ஜின்னால் வந்ததா அன்றா என்பது பொருட்டன்று. அப்படியே வந்திருந்தாலும் உடலின் இயல்பைக் கரும்பித்தமாக மாற்றியே அது நோயாகிறது. ஆகவே நம் கண்முன் உள்ள காரணம் அப்பித்தமே என்று கருத்துரைத்துவிட்டு மேலே செல்கிறார். கரும்பித்தக் கொள்கை இன்று காலாவதியாகிவிட்டது. ஆனால் அந்தத் தெளிவு காலாவதியாகவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முடித்து வைக்கப்பட்ட வழக்கை நாம் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஃபிக்ஹுக் கலையும் அவ்வாறே நடந்திருக்கிறது. மஜ்னூனின் தலாக் செல்லாது, அவன் பொருளைப் பாதுகாக்கப் பொறுப்பாளர் வேண்டும் என்றெல்லாம் மதரஸாவில் நாமே பாடம் நடத்துகிறோம். தொடர்ந்து நீடிக்கும் பைத்தியம் வேறு, விட்டு விட்டு வருவது வேறு என்று இமாம்கள் பிரித்தார்கள். எத்தனை நாள் நீடித்தால் எந்தச் சட்டம் என்று நுணுகி ஆராய்ந்தார்கள். பிடித்தது எந்த ஜின் என்று ஒருவரும் அதில் கேட்கவில்லை. நோயாளியின் நிலை என்ன, எவ்வளவு காலம் என்றுதான் கேட்டார்கள். வலிப்புக்குத் தீய ஆவிகளும் காரணமாகலாம் என்று இப்னுல் கையிம் (ரஹ்) எழுதியதை மட்டும் எடுத்துக்காட்டும் அன்பர்கள், உடலின் கோளாறால் வரும் வலிப்பு வேறொன்று உண்டு என்று அவரே அங்கேயே எழுதியிருப்பதையும் படித்துக் காட்ட வேண்டும்.

வலிப்பு என்றதும் நம்மவர்க்கு நினைவு வரும் நபிமொழி ஒன்றுண்டு. வலிப்பு நோயுற்ற பெண்மணி ஒருவர் பெருமானாரிடம் வந்து தமக்காகத் துஆச் செய்ய வேண்டினார். பொறுத்துக்கொண்டால் சுவனம், விரும்பினால் நலம்பெற இறைஞ்சுகிறேன் என்று நபிகளார் இரு வழிகளை அவர்முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். ஆனால் விழும்போது என் ஆடை விலகிவிடுகிறது, அது விலகாதிருக்க மட்டும் துஆச் செய்யுங்கள் என்றார். பெருமானார் அதற்காக இறைஞ்சினார்கள். மருந்து வேண்டாம் என்பதற்கு இந்த ஹதீஸை ஆதாரமாக்குவோர், அதில் உள்ளதைச் சரியாகப் பார்க்கவில்லை. தேர்ந்தவர் நோயாளி, அவருடைய தந்தையோ தமையனோ ஊர் ஜமாஅத்தோ அல்ல. வேறொருவர் வேதனையின்மேல் நாம் தேர்ந்துகொள்ளும் பொறுமைக்கு ஸப்ரு என்று பெயரில்லை. மேலும், அந்த அம்மையாரை வாட்டியது வலிப்பைவிட நாணமே என்பதைக் கேட்டறிந்த பின்னரல்லவா துஆ அமைந்தது? உனக்கு என்ன வேண்டும் என்று நோயாளியிடமே கேட்டல்! இதை மருத்துவ உலகம் கடந்த அரை நூற்றாண்டில்தான் பாடமாக எழுதத் தொடங்கியிருக்கிறது.

ஏனெனில் மருத்துவரும் நம்பிக்கையின்றி வருபவரல்லர். அவரிடமும் நோயைப் பற்றிய ஒரு கதை உண்டு. பல்கலைக்கழகம் சொல்லிக் கொடுத்த கதை. பேச்சுச் சிகிச்சை எனப்படும் உளச்சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். அது வியன்னாவிலும் லண்டனிலும் வளர்ந்தது. நோயாளி தன் உள்ளத்தைத் தானே திறப்பான், சிகிச்சையாளர் உபதேசிக்காமல் கேட்பார், பல வாரங்களில் அவனே தன் வழியைக் காண்பான் என்பது அதன் எதிர்பார்ப்பு. நம் ஊரிலிருந்து செல்பவனின் எதிர்பார்ப்பு என்ன? பெரியவர் ஒருவர் முன் உட்காருகிறோம், அவர் வழி சொல்வார் என்பது. "இதைப்பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டதும் இவன் திகைக்கிறான். எனக்குத் தெரிந்தால் உம்மிடம் ஏன் வருகிறேன் என்று எண்ணி, இரண்டாம் முறை போவதில்லை. இவனுக்கு உட்பார்வை இல்லை என்று அவர் குறிப்பெழுதுகிறார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று இவன் தெருவில் சொல்கிறான். இந்தப் பிணக்கை உணர்ந்த மனநல மருத்துவர் நேகி, பஞ்சாபிக் கவிஞருமானவர், குரு சீடர் உறவை நம் நாட்டு உளச்சிகிச்சைக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாமே என்று 1973இல் எழுதினார். எம்போல் முர்ஷிதும் முரீதும் அறிந்தவர்க்கு இது புதுமையாகப் படவில்லை. ஆனால் முர்ஷிது சொல்லும் அனைத்துக்கும் தலையாட்டுகின்ற முரீது தேறமாட்டான் என்பதையும் நாம் அறிவோம். நேகி சொன்ன வழியிலும் அந்த அபாயம் உண்டு.

நம் மக்கள் உடலின் மொழியில் பேசுகிறார்கள் என்பதும் மருத்துவர்க்கு ஒரு குறையாகவே படுகிறது. நெஞ்சு படபடக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, தலை பாரமாயிருக்கிறது என்பார்களேயன்றி, துயரமாயிருக்கிறது என்னமாட்டார்கள். இதை அறியாமை என்று தள்ளுவோர், ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீயின் பெயரையேனும் கேள்விப்பட்டிருக்க வேண்டும். உடல்களின் நலம், உள்ளங்களின் நலம் இரண்டையும் ஒரே நூலில் சேர்த்தெழுதி, ஒன்று நொந்தால் மற்றதும் நோகும் என்றவர் அவர். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணமே தெரியாமல் வரும் துயரம் வேறு என்று பகுத்து, பின்னதற்கு உடலின் கோளாற்றைத் தேடச் சொன்னவர். நலமாயிருக்கும் காலத்திலேயே மருந்தைப் பெட்டியில் வைப்பதுபோல் நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்கச் சொன்னவர். இன்றைய சிகிச்சையாளர் பன்னிரண்டு முதல் இருபது அமர்வுகளில் பழக்கிக் கொடுப்பதும் ஏறத்தாழ இதையே.

நம்பிக்கையை மதித்தால் மருத்துவம் கெடும் என்று அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி. தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளரைப் பெங்களூர் மருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். அங்கே பூசாரியின் தனிச் சடங்கு ஏதும் இல்லை. வீட்டார் ஒருவர் உடனிருப்பார், நோயாளி சிறு வேலைகளில் கைகொடுப்பார். நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான், அதன்மேல் கோட்டை கட்ட நாம் முயலவில்லை. ஆயினும், கட்டிப்போடாத இடமும், உடனிருக்கும் உறவும், கையில் ஒரு வேலையும் தாமே ஒரு மருந்து என்பதை மறுப்பார் யார்? அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர் 1950களில் கூடாரங்கள் அடித்து, நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தது இதே அறிவினால்தான். 2008இல் குஜராத்தின் உனாவா ஊரில் மீரா தாதார் தர்கா வளாகத்திலேயே மருத்துவர்களை அமர்த்தி, தவாவும் துஆவும் ஒருசேரக் கொடுக்கத் தொடங்கினார்கள். முஜாவர்களே நோயாளியைக் கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார்கள். அவ்வழியிலேயே ஏர்வாடியிலும் மருத்துவம் இன்று தர்காவின் அருகுக்கு வந்துவிட்டது. 28 உயிர்களுக்கு முன்னரே வந்திருக்கலாம்.

ஆகவே எம் சமர் ஓதுதலோடு அன்று. மாத்திரையை நிறுத்து, இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது என்று சொல்லும் ஆமில்களோடுதான். அவ்வாறு சொல்லத் திருமறையிலோ ஸுன்னாவிலோ அவர்களுக்கு ஆதாரம் இல்லை; மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகளாரின் கட்டளையே இருக்கிறது. மனச்சோர்வுக்குரிய மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரமாகும். மனச்சிதைவுக்கு உரியதைத் திடுமென நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கும். பத்தாம் நாளில் நிறுத்தச் சொன்னவர், மறுபடி நோய் முற்றியதும், பார்த்தீர்களா, ஜின் கோபித்துவிட்டது என்று இன்னொரு தாயத்துக்கு விலை பேசுகிறார். ஐயாயிரம், பத்தாயிரம் என்று எண்ணிக் கொடுப்பவர் பலர் கடன்பட்டே கொடுக்கிறார்கள். ஓதுவதற்குக் கூலி பேசுவதைப் பற்றிய சட்டச் சர்ச்சை இருக்கட்டும். பிறர் மருந்தை நிறுத்தச் சொல்வதற்கு எந்த மத்ஹபு அனுமதி கொடுத்தது?

2015–16இல் நாடளாவிய மனநல ஆய்வை நடத்திய பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார், வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநோய் இருக்கிறது என்றும், நோய்க்கேற்ப அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை என்றும் கண்டார்கள். முந்நூறு பேர் தொழும் ஜும்ஆவில் முப்பது பேர் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அவர்கள் நமக்குப் பக்கத்து ஸஃப்பில்தான் நிற்கிறார்கள். பெண்களையும் சேர்த்தால் கணக்கு இன்னும் ஏறும். அவர்கள் வீட்டுக்குள் இருப்பதால் நாம் காண்பதில்லை.

ஜமாஅத்துகள் செய்யக் கூடியது பெரிதன்று. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாதம் ஒருமுறை நோயாளியும் துணைக்கு ஒருவரும் சென்று வர ஆகும் பேருந்துச் செலவும், அன்றைய கூலி இழப்பும், ஏழைக்கு நாம் கொடுக்கும் ஸகாத்திலிருந்தே கொடுக்கத் தக்கவை. கத்னாவுக்கும் கல்யாணத்துக்கும் திறக்கும் பைத்துல்மால் பெட்டி இதற்கும் திறக்கட்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசிச் சேவை, 14416 என்ற எண்ணில் இரவு பகல் பாராமல் கட்டணமின்றித் தமிழில் பேசுகிறது. ஜனாஸா அறிவிப்புக்கு ஒலிபெருக்கியைத் திறக்கும் மோதினார், ஜும்ஆ நாளில் இந்த எண்ணையும் ஒருமுறை சொல்லலாம். ஓதிக் கொடுக்கும் எம் போன்ற ஆலிம்கள், பாட்டிலைத் திருப்பிக் கொடுக்குமுன், "என்னம்மா, மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறாளா? அடுத்து எப்போது காட்டச் சொன்னார்கள்?" என்று கேட்டால் போதும். எம்மிடம் வரும் அத்தாமாரும் அம்மாமாரும் அக்கேள்வியால் கோபித்துக்கொண்டதில்லை. மருத்துவரிடம் காட்டிய சீட்டை முந்தானையிலிருந்து அவிழ்த்து, இதில் என்ன எழுதியிருக்கிறது, கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் ஹஜ்ரத் என்று எம்மிடமே நீட்டுகிறார்கள்.